டிவியில் ஊதிய சங்கு

சென்ற வாரம் என் வீட்டில் ஒரு விருந்தாளி தங்கிப் போனது. நாய் என்பதால் 'போனது' என்று எழுத வேண்டியிருக்கிறது. மற்றபடி மனிதர்களைவிட மரியாதையான விருந்தாளிதான். காட்பாடியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், எனக்கு மேல்மாடிக் குடும்பம் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் போனது. போகும்போது அவர்கள் வளர்க்கும் கோகோவை என்னிடம் விட்டுப் போனார்கள். தனியாக இருக்கும் பெண்ணிடம் ஊர் உலகம் இப்படித்தான் எதையாவது ஒப்படைத்துக்கொண்டே இருக்கும். சாவி, பால் பாக்கெட், கூரியர்க்காரன் கொண்டுவரும் பெட்டி, இப்போது நாய். அவளுக்கென்ன வேலை இருக்கப் போகிறது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறவள். கோகோவின் சாப்பாடு, துண்டு, பந்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க ஆபீஸ் போறப்ப டிவிய மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. அதுக்குத் தனியா இருந்தா பேஜாராயிடும்" என்றாள். சொன்னதோடு நிற்காமல் தன் கைபேசியிலிருந்து எதையோ தட்டி என் டிவியில் ஒரு படம் ஓடவிட்டாள். நாய்களுக்காகவே எடுத்த படமாம். புல்வெளியில் வாத்துகள் போகின்றன. வேறு நாய்கள் ஓடுகின்றன. பேச்சு இல்லை, சண்டை இல்லை, மாமியார் இல்லை. எல்லாம் ஒரு மாதிரி நீலமும் மஞ்சளுமாக இருந்தது. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது, இந்த இரண்டும்தான் தெரியும் என்று விளக்கினாள்.

"பழைய பெட்டி டிவியெல்லாம் நாய் கண்ணுக்குச் சும்மா மின்னி மின்னி அணையுமாம் ஆன்ட்டி. அதுங்க கண்ணு அவ்ளோ வேகம். இப்ப வர்ற டிவிலதான் அதுக்குப் படம் படமாவே தெரியுது."

அவள் போனபிறகு நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாலை தோறும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்த்தது படத்தை அல்ல, வெறும் மின்னலை என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வேறு வேறு எதையோ பார்த்திருக்கிறோம். இது தெரிந்ததும் எனக்கு ஏனோ துக்கமாக இருந்தது. அப்போது துணைக்கு ஆள் இருந்தது என்று நினைத்திருந்தேனே, அதிலும் பாதி போயிற்று.

கோகோ விவரமானது. வாத்து வந்தால் குரைக்கும். வாத்து திரையின் ஓரத்தில் மறைந்தால், அந்தப் பக்கம் சுவரை மோந்து பார்க்கும். அங்கே என் புடவை மாட்டிய ஆணிதான் இருந்தது. "ஏமாந்துட்டியா?" என்று கேட்டேன். வீட்டில் சத்தமாகப் பேசி நாளாகிவிட்டதால் என் குரல் எனக்கே திடுக்கென்றது.

அன்று அதை வெளியே கூட்டிப்போகக் கழுத்துப்பட்டையை எடுத்தேன். அசல் தோல். புதிது. மாட்டுவதற்கு முன்னால் அதை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தேன். மேல்மாடிப் பெண் பார்த்திருந்தால் அந்த நிமிடமே நாயை வேறு வீட்டுக்கு மாற்றியிருப்பாள். புதுத் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை வேறு யாருக்கும் தோல் வாசனைதான். எனக்கு அது அம்மாவின் விரல் வாசனை.

நான் பிறந்து வளர்ந்தது ஆம்பூரில். எங்கள் ஊரில் 'கம்பெனி' என்றால் ஷூ கம்பெனி, வேறு எதுவும் இல்லை. அம்மா கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து அப்பர் தைத்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். அப்பாவை எனக்கு நினைவில்லை. அவர் முகம் எனக்குப் போட்டோவாகத்தான் தெரியும். ஆக வீட்டில் அம்மாவும் நானும். அம்மா வேலைக்குப் போனால் நான் மட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் கயிற்றில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்து, உள்ளே போனால் காலையில் அம்மா கவிழ்த்துவிட்டுப் போன டம்ளர் அப்படியே இருக்கும். அந்த டம்ளரைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். ஏன் என்று அப்போது சொல்லத் தெரிந்ததில்லை. காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை என்பதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால்தான் அம்மா டிவி வாங்கினாள். படம் பார்க்க அல்ல, சத்தத்துக்காக. "பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் டிவியப் போட்டுடு பாப்பா. நீ பாத்தாலும் சரி, பாக்கலைன்னாலும் சரி, அது பேசிக்கினு இருக்கட்டும். தெருவுல போறவங்க வீட்ல ஆளு ஜாஸ்தின்னு நெனச்சிக்குவாங்க." அப்படியே செய்தேன். கோழி வளர்ப்பு, கர்நாடக சங்கீதம், புரியாத இந்தி, எது வந்தாலும் ஓடும். என்னையும் சேர்த்து வீட்டில் ஆறேழு பேர் இருப்பதாகத் தெரு நம்பியிருக்க வேண்டும்.

டிவிக்கு முன்பே வந்தது மணி. கம்பெனி வாசலிலிருந்து அம்மாவின் பின்னாலேயே வந்த குட்டி. அம்மாவைப் பிடித்து வந்தது என்பதைவிட, அவள் புடவையில் ஒட்டியிருந்த தோல் வாசனையைப் பிடித்து வந்தது என்பது சரி. எங்கள் ஊர் நாய்களுக்குத் தோல் துண்டு என்றால் அப்பளம் மாதிரி. எங்கள் தெருவிலேயே மூன்று மணிகள் இருந்தன. ஒன்றைக் கூப்பிட்டால் மூன்றும் வரும். இன்னொரு பெயர் யோசிக்க யாருக்கும் நேரமில்லாத தெரு அது. ஆனால் எங்கள் மணிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தியது. வீட்டில் கடிகாரம் கிடையாது. மணி பார்த்துச் சொல்கிற வேலையை மணிதான் செய்தது.

எப்படி என்று சொல்கிறேன். கம்பெனியில் வேலை விடும்போது சங்கு ஊதும். மற்ற ஊர்க்காரர்கள் சைரன் என்பதை நாங்கள் சங்கு என்போம். "சங்கு ஊதிடுச்சா?" என்றால் வேலை விட்டாயிற்றா என்று அர்த்தம். "எனக்கு இன்னும் சங்கு ஊதல" என்றால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். சங்கு ஊதியதும் தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு பற்றும். மணி காதைத் தூக்கி, எழுந்து, எங்கள் முட்டுச்சந்தின் முனைக்கு ஓடி அங்கே உட்காரும். சந்துக்கு அந்த ஒரு முனைதான் வழி. கொஞ்ச நேரத்தில் கம்பெனிச் சுவர்ப் பக்கமிருந்து பெண்கள் கூட்டமாக வருவார்கள். அத்தனை பேர் மீதும் ஒரே தோல் வாசனை, ஒரே பசை வாசனை. அதில் எங்கள் அம்மாவை எப்படிப் பிரித்து எடுக்குமோ, போய்க் காலைச் சுற்றும். நான் வாசலில் நின்று பார்ப்பேன். மணியின் வால் ஆட ஆரம்பித்தால் எனக்கு உயிர் வரும்.

டிவி பக்கம் முகத்தை வைத்து உட்காருமே தவிர, மணிக்கு அதில் எந்த ஈடுபாடும் இல்லை. கதாநாயகன் பத்துப் பேரை அடித்துக்கொண்டிருப்பான். இது காலைத் தூக்கிக் காதைச் சொறியும். ஒருமுறை திரை நிறைய ஒரு நாய் வந்தது. நான் ஆசையாக மணியின் முகத்தைப் பிடித்து டிவி பக்கம் திருப்பினேன். அது டிவிக்குப் பின்னால் போய், தூசியையும் ஒயரையும் மோந்துவிட்டு, ஒரு தும்மல் போட்டுத் திரும்பி வந்தது. வாசனை இல்லாததை ஆள் என்று அது ஒப்புக்கொள்ளாது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு சல்மா அக்கா. அவள் வீட்டிலிருந்தே கம்பெனிக்குக் கையால் அப்பர் பின்னிக் கொடுப்பவள். அந்த வேலையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு டிவி முன்னால் வந்து உட்காருவாள்.

சல்மா அக்காவின் பூனையும் கூட வரும். உண்மையில் டிவியை ரசித்தது அந்தப் பூனை ஒன்றுதான். கிரிக்கெட் என்றால் அதற்கு உயிர். பந்து உருளும்போது குறுக்கே பாய்ந்து கண்ணாடியில் ஒரு அறை விடும். மற்ற நேரங்களில் பெட்டியின் தலைமேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பெட்டி சுடச்சுட இருக்கும். மழை நாளில் அதைவிட நல்ல படுக்கை பூனைக்கு ஆம்பூரிலேயே கிடையாது. வால் மட்டும் முன்னால் தொங்கும். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் மீசை, ஒரு நாள் ஜடை. சல்மா அக்கா அதைத் தூக்கினால் கண்ணாடியில் உரசிய ரோமம் படபடவென்று பொரியும். இன்றைய டிவியின் தலைமேல் ஒரு பல்லி படுக்க முடியுமா என்று பாருங்கள்.

மணி டிவியை மதித்தது ஒரே ஒரு விஷயத்தில். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியைப் போட்டேன். ஒரு பழைய படம். கதாநாயகன் மில்லில் வேலை செய்கிறான். அந்தக் காலப் படங்களில் பாதிக் கதாநாயகர்கள் மில்லில்தான் இருப்பார்கள். நான் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே தூங்கிவிட்டிருக்கிறேன். படத்தில் மில் சங்கு ஊதியது. பக்கத்தில் படுத்திருந்த மணி துள்ளி எழுந்து ஓடியது. தூக்கக் கலக்கத்தில் நானும் அதைக் கம்பெனிச் சங்கு என்றே எடுத்துக்கொண்டு, மணியின் பின்னாலேயே போய்ச் சந்து முனையில் நின்றேன்.

யாரும் வரவில்லை. தெரு காலியாக இருந்தது. எந்த வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. சங்கு ஊதிவிட்டது, அம்மா வரவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது. நடந்தால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. அப்பா ஒரு நாள் இப்படித்தான் வராமல் போனாராம். மணியும் உட்காருவதும் எழுவதுமாகத் தவித்தது. கடைசியில் நாங்கள் இருவரும் கம்பெனி கேட்டுக்கே போய்விட்டோம்.

கேட்டில் புது வாட்ச்மேன். தெற்கத்தி ஆள், வந்து சில நாள்தான் இருக்கும்.

"என்ன பாப்பா, யாரப் பாக்கணும்?"

"எங்கம்மாவுக்கு சங்கு ஊதிட்டாங்க" என்றேன் நான், விம்மிக்கொண்டே.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அவருக்கு வரவில்லை. அவர் ஊரில், ஏன், எல்லா ஊரிலும், ஒருவருக்குச் சங்கு ஊதுவது எப்போது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் சாவுக்குச் சங்கு உண்டு. ஆனால் எங்களுக்கு முதல் அர்த்தம் வேறு.

"ஐயையோ! எப்பம்மா?"

"இப்பதான். டிவில ஊதுனாங்க."

பாவம், டிவி விஷயம் அவருக்கு ஏறவில்லை. என் அழுகையைப் பார்த்தார், பக்கத்தில் தவிக்கும் நாயைப் பார்த்தார். இந்தக் குழந்தைக்கு உறவு யாராவது உள்ளே வேலை செய்கிறார்கள், அவர்களைத் தேடி வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். "எந்த செக்ஷன்?" என்று கேட்டார். அம்மா சொல்லிக் கொடுத்திருந்தபடி செக்ஷன் பெயரையும் அம்மா பெயரையும் சொன்னேன். அது அந்த உறவின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அவர் உள்ளே ஆள் அனுப்பினார். அந்தச் சேதி மெஷின் சத்தத்துக்கு நடுவே வாய் வாயாகப் போய் அம்மாவிடம் சேரும்போது இப்படி ஆகிவிட்டது: "உங்க வூட்ல யாருக்கோ சங்கு ஊதிட்டாங்களாம், கேட்டுல வந்து நிக்கறாங்க."

எங்கள் வீட்டில் 'யாரோ' என்று யார் இருக்கிறார்கள்? என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

அம்மா ஓடி வந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. செருப்பு இல்லை. கையில் கத்தரிக்கோல், அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை. கேட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மணி போய்க் காலைச் சுற்றியது. அவள் கத்தரிக்கோலை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்து என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அப்புறம் அதே கையால் என்னை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அவள் வயிறு நடுங்கியதை என் கன்னத்தில் உணர்ந்தேன். எனக்கோ ஒரே சந்தோஷம். அம்மா உயிரோடு இருக்கிறாள். நான் செத்துப்போனதாக அவள் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்?

வாட்ச்மேனுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்ல ஆளுக்கு ஆள் முயன்று, எல்லோரும் சிரித்து, அவரும் கடைசியில் சிரித்தார். அதிலிருந்து கம்பெனிப் பெண்களுக்கு நான் 'சங்கு பாப்பா'. கல்யாண வீட்டில் பார்த்தால்கூட, "இன்னா சங்கு பாப்பா, படிக்கிறியா?" என்பார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இது என்ன பெயர் என்று மிரண்டு பார்ப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா எங்கள் இருவரையும் டிவி முன்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். "டிவில ஊதுனா அது பொய் சங்கு. அதுக்கு யாரும் வரமாட்டாங்க. நம்ம கம்பெனி ஊதுனாதான் நான் வருவேன். புரிஞ்சிதா?" எனக்குப் புரிந்தது. மணிக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகும் எந்தப் படத்தில் மில் வந்தாலும் அது முனைக்கு ஓடும், காத்திருக்கும், யாரும் வராமல் தலையைத் தொங்கப் போட்டுத் திரும்பும். சில நாள் நான் ஓடிப் போய் ஒலியைக் குறைப்பேன். சாவு வீட்டுச் சங்கு ஊதும் காட்சிக்கு அது தலையைக்கூடத் தூக்காது. எந்தச் சங்குக்கு ஆள் வரும், எந்தச் சங்குக்கு ஆள் போகும் என்று அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நான் வளர்ந்தேன். வேலூருக்கு ரயிலில் போய்க் கல்லூரியில் படித்தேன். அதற்குள் அம்மாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. முதலில் முதுகு, பிறகு மூச்சு. நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடித்து நிற்பாள். கம்பெனியை விட்டு நின்றாள். காலம் முழுக்க எனக்காக ஓடிய டிவி இப்போது அவளுக்காக ஓடியது. நான் ரயிலில் திரும்பி வரும்வரை அவள் அதற்கு முன்னால் கட்டிலில் படுத்திருப்பாள். "பாத்தியாம்மா?" என்று கேட்டால், "இன்னாத்த பாத்தேன், அது பாட்டுக்குப் பேசிக்கினு இருந்திச்சி" என்பாள். நான் சின்ன வயதில் கொடுத்திருக்க வேண்டிய பதில் அது.

கம்பெனியிலும் வருகைக்குக் கட்டைவிரல் வைக்கும் மெஷின் வந்துவிட்டது. சங்கு நின்றுபோயிற்று. நிறுத்தப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் ஊதவில்லை, மறுநாளும் ஊதவில்லை. அந்த மாலைகளில் மணி வாசலில் நின்று காதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அப்புறம் விட்டுவிட்டது. அதற்கும் வயதாகியிருந்தது. கண்ணில் பால் படர்ந்து, நிலைப்படியில் முட்டிக்கொள்ளும். அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே நாள் முழுக்கக் கிடக்கும்.

ஒரு விடுமுறை நாள். மதியம் ஏதோ படம். அம்மா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படத்தில் சங்கு ஊதியது. கட்டிலுக்குக் கீழே ஒரு சலசலப்பு. மணி எழுந்தது. நிலையில் இடித்துக்கொண்டு, சுதாரித்து, வெளியே போயிற்று.

"டேய் மணி, இன்னாடா, நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் அம்மா.

அது திரும்பி வந்து, தொங்கிய அவள் கையை நக்கியது. மறுபடி போய்விட்டது. கையை நக்கக் கொடுத்தவள் வேறு, சங்குக்கு வருகிறவள் வேறு என்று அது நினைத்தது போலிருந்தது. நான் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்தேன். தரையோடு தரையாகப் படுத்துக் கனத்தது. பிஸ்கட்டைக் காட்டினேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்து விளக்கு வைக்கிற நேரமும் ஆயிற்று. கண் தெரியாத அந்தக் கிழட்டு நாய் கம்பெனிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு முனையிலேயே கிடந்தது.

நான் உள்ளே வந்து சொன்னேன். அம்மா காலைக் கட்டிலிலிருந்து இறக்கினாள்.

"என் சாப்பாட்டுப் பைய எடு."

"எதுக்கும்மா?"

"கம்பெனிக்குப் போய்ட்டு வர்றேன். அது நான் வராம உள்ள வராது."

நான் சண்டை போட்டேன். உனக்கு மூச்சு வாங்கும், நாயின் புத்திக்கு நீ ஆடுகிறாயா என்று கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. வேலைக்குப் போகும்போது கட்டும் புடவை ஒன்றை எடுத்துக் கட்டினாள், தலை வாரினாள், காலி டப்பாவோடு பையை மாட்டினாள். முன்வாசல் வழியாகப் போனால் மணிக்குத் தெரிந்துவிடும் என்று, சல்மா அக்கா வீட்டுக் கொல்லை வழியாக ரயில் பாதைப் பக்கத்து ரோட்டில் இறங்கினாள். சல்மா அக்கா விஷயத்தைக் கேட்டு, "உனுக்குப் பைத்தியம்தான் அக்கா" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள். "நீ மணிகிட்ட போய் நில்லு" என்றாள் அம்மா என்னிடம்.

போய் நின்றேன். அந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு கம்பெனிச் சுவர்ப் பக்கம் வர நல்ல உடம்புக்காரருக்கே நேரமாகும். எனக்கு நன்றாகத் தெரியும், அவள் வீட்டிலிருந்துதான் வருகிறாள், நூல் பிரிந்த அந்தப் பையை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் நேரம் ஆக ஆக, பழைய பயம் வந்துவிட்டது. வழியில் உட்கார்ந்துவிட்டாளோ, விழுந்துவிட்டாளோ. வராமலே போய்விடுவாளோ. வளர்ந்த பெண், கல்லூரி மாணவி, சந்து முனையில் ஒரு நாயின் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் மணிக்குத்தான் தெரிந்தது. கிடந்தது எழுந்தது. வால் மெல்ல ஆரம்பித்து, உடம்பு முழுக்க ஆடியது. அதன்பிறகுதான் கம்பெனிச் சுவரில் ஒரு கையை ஊன்றி ஊன்றி அம்மா வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. மணி தட்டுத்தடுமாறி ஓடிப் போய்க் காலைச் சுற்றியது. அவள் விரலில் பசை வாசனை போய் வெகுநாளாகியிருந்தது. மணி அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அம்மா மூச்சு வாங்கி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு குனிந்து அதன் தலையைத் தொட்டாள்.

"இன்னிக்கி லேட்டாயிடுச்சிடா கண்ணு" என்றாள். "வா, போலாம்."

மூன்று பேரும் மெதுவாக உள்ளே வந்தோம். பூட்டாத வீட்டில் டிவி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. அதுதான் அம்மா அந்தத் தெருவில் கடைசியாக நடந்து வந்தது.

இப்போது ஆம்பூரில் அந்தக் கம்பெனி இல்லை. சந்தின் முனையில் செல்போன் கடை இருக்கிறது. மணி போய்விட்டது, பிறகு அம்மாவும் போய்விட்டாள். சல்மா அக்கா மகளோடு ராணிப்பேட்டையில் இருக்கிறாள். போன் செய்தால் காது கேட்பதில்லை. நானும் இப்போது ஒரு ஆபீசுக்குப் போய் வருகிறேன். சில நாள் வேலை அதிகம், சில நாள் பஸ் கிடைக்காது. படியேறி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, விளக்கைப் போடுகிறேன். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், லேட்டாகிவிட்டது என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.